ரிவோல்வருக்கு எந்த ரவை

நான் மூன்று வருடம் கார் ஓட்டிய வீட்டில் ஒரு ரிவோல்வர் இருந்தது. அதற்கு லைசென்ஸ் இருந்தது, தோல் உறை இருந்தது, துடைப்பதற்கென்று ஒரு மஞ்சள் துணியும் இருந்தது. உள்ளே போட ரவை மட்டும், அதாவது தோட்டா மட்டும், இல்லை. எந்த ரவையைப் போடுவது என்று வீட்டுக்காரர் முடிவெடுக்கவில்லை.

அவர் மலைநாட்டுத் தோட்டங்களில் அப்போதிக்கரியாக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்குத்தருக்கு ஒரு படி கீழே. ஆனால் தோட்டத்தில் டாக்குத்தர் மாதத்துக்கு ஒரு தரம் வருபவர், அப்போதிக்கரிதான் எந்நாளும் நிற்பவர். ஊரில் எல்லோரும் அவரை ஐயா என்றார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், "எழுதினாய், சரி. பிறகு?" என்று கேட்டிருப்பார். அந்தப் "பிறகு" வெற்றிலை மாதிரி எந்நேரமும் அவருடைய வாயில் கிடந்தது.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மன்னாரில் உப்பு அள்ளினேன், அனுராதபுரத்தில் சாப்பாட்டுக்கடையில் நின்றேன், பிறகு லொறி ஓடினேன். ஓரிடத்தில் ஒரு வருடம் தங்கியதில்லை. லொறி வேலையும் போய்க் காங்கேசன்துறைச் சந்தியில் நின்ற ஒரு நாள், அப்போதிக்கரி ஐயா கார் ஓட ஆள் தேடுகிறார் என்றார்கள். அவருக்கு இருட்டுக் கட்டும் மம்மல் பொழுதானால் கண் மட்டு, சரியாகத் தெரியாது. கார் பழைய ஒஸ்ரின். காலையில் முன்னால் கம்பியைக் கொடுத்துச் சுழற்றினால்தான் உயிர் வரும். எனக்குப் படுக்கக் கார்க் கொட்டிலில் இடம் தந்தார்.

வீடு தெல்லிப்பழைக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவில், ஓர் ஒழுங்கையின், ஒடுங்கிய தெருவின், கடைசியில் இருந்தது. மூன்று பக்கமும் புகையிலைத் தோட்டம். நாலாவது பக்கம் தென்னோலை முடைந்த கிடுகு வேலி, அதற்கு அங்கால் ஒரு வாத்தியார் வீடு. வாத்தியாருக்கு ஐந்து பிள்ளைகள். ஐயாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அம்மாவுக்கு, அதாவது ஐயாவின் மனைவிக்கு, முழங்கால் இரண்டிலும் வாதம். கட்டிலிலிருந்து கதிரைக்கும் கதிரையிலிருந்து கட்டிலுக்கும் பொல்லுப் பிடித்து நடப்பார். அவ்வளவுதான் அவருடைய பயணம்.

நான் போய்ச் சேர்ந்த மாதங்களில், அயலில் ஓய்வூதியக்காரர்களின் வீடுகளாகப் பார்த்துக் கள்ளர் புகுந்துகொண்டிருந்தார்கள். ஒரு கிழவருக்கு மண்டையில் வெட்டு. ஒரு மனுசியின் காதைத் தோட்டோடு அறுத்தார்கள். அடுத்தது எந்த வீடு என்று கேட்டால், ஊரில் சின்னப்பிள்ளையும் இந்த ஒழுங்கையைத்தான் காட்டும்.

ரிவோல்வர் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது ஐயாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. துரை ரவையையும் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. ஐயா நாலு விதமான ரவைகளில் மாதிரிக்கு ஒவ்வொன்று சேர்த்து ஒரு சிகரெட் தகரத்தில் வைத்திருந்தார். முதல் கிழமையே என்னை மேசைக்குக் கூப்பிட்டு அவற்றை வரிசையாக நிறுத்திக் காட்டினார். ஒன்று வெறும் ஈயம், முனை உருண்டை. ஒன்று அதே உருண்டை, மேலே செம்பு உறை. ஒன்று முனை தட்டை, குறி பார்த்துப் பழகுகிறவர்கள் சுடுவது. கடைசி, முனையில் குழி விழுந்தது.

"இதிலை எதைப் போடுவாய், தம்பி?"

"எது வந்தவனை விழுத்துமோ அது."

"எல்லாம் விழுத்தும். பிறகு?"

"பிறகென்ன ஐயா, பொலிசைக் கூப்பிடுறதுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ ட்ரைவர். உனக்கு அடிபட்டாப் பிறகு பொலிஸ். எனக்கு அடிபட்டாப் பிறகு ஊசியும் நூலும்."

அடுத்த அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இஞ்சாருங்கோ, கள்ளன் படலையிலை நிண்டு கேப்பானோ, ஐயா இண்டைக்கு எந்த ரவை எண்டு? எனக்கு ஓட ஏலாது. உங்களுக்குச் சுட ஏலாது. நல்ல சோடிதான்."

அது சிரிப்புக்குச் சொன்னது என்று அன்று நினைத்தேன். ஒரு வருடம் கழித்து எனக்கும் அதே வார்த்தைகள் வாயில் வந்தன, சிரிப்பு வரவில்லை.

எல்லாவற்றிலும் அவர் அப்படியா என்றால், இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். தொண்டையில் மீன்முள் குத்திய பிள்ளையைக் கொண்டுவந்தால், தாய் சொல்லி முடிப்பதற்குள் முள் வெளியே இருக்கும். காய்ச்சலுக்கு மருந்து சொல்ல அரை நிமிடம் எடுக்கமாட்டார். ஆனால் மீன் வாங்கப் போனால் விளைமீனைத் தூக்கிப் பார்ப்பார், பாரையைத் தூக்கிப் பார்ப்பார், இது எப்போது பிடித்தது, தூண்டிலா வலையா என்று விசாரிப்பார். அதற்குள் வேறு யாரோ வாங்கிப் போய்விடுவார்கள். "ஐயா பாத்த மீன் நல்ல மீன், துணிஞ்சு வாங்கலாம்" என்று அவருக்குப் பின்னால் நிற்பதற்கென்றே இரண்டு பேர் இருந்தார்கள். நாங்கள் முருங்கைக்காய்க் கறியோடு சாப்பிடுவோம்.

அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு நாள் காரில் வைத்துச் சொன்னார். கேட்காமலே சொன்னார். ஒரு தோட்டத்தில் இரவுக் காவலுக்கு நின்றவன், களஞ்சியத்தில் அரிசி எடுக்க வந்த ஒருவனைச் சுட்டான். செம்பு உறை போட்ட ரவை. அது அந்த ஆளுக்குள்ளால் போய், பின்னால் தொழிலாளர் குடியிருந்த லயத்தின் தகரத்துக்குள்ளாலும் போய், அடுப்படியில் இருந்த ஒரு பெண்ணின் தோளில் நின்றது.

"வெடி வைச்சவன் தன்ரை வேலை முடிஞ்சுதெண்டு போய்ப் படுத்திட்டான். எனக்கு அங்கையிருந்துதான் வேலை தொடங்கினது. ரெண்டு மேசை. ஒரு சோடிக் கை."

"ரெண்டு பேரும் தப்பினவையோ, ஐயா?"

"ஒராள்" என்றார். யார் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் அவரை நச்சரிக்கவில்லை. ஆனால் கொஞ்ச நாள்தான். பக்கத்து ஊரில் இன்னொரு வீடு உடைபட்டது. நான் போய், "ஐயா, நீங்கள் யோசிச்சு முடிய அம்மாவை வெட்டிப்போடுவாங்கள். ஏதாவது ஒண்டைப் போடுங்கோ" என்றேன். "ஏதாவது எண்டு ஒண்டு கடையிலை விக்கிறேல்லை, தம்பி" என்றார்.

ஒரு சனிக்கிழமை சோதனை வைத்தோம். கடற்கரைப் பக்கம் வெறும் பனங்காணி ஒன்றுக்குக் காரில் நாலு வாழைத்தண்டும், பழைய கிடுகுகளும், மணல் நிரப்பிய ஐந்து சாக்குகளும் கொண்டுபோனோம். வாழைத்தண்டுதான் கள்ளன். அதற்குப் பின்னால் கிடுகைக் கட்டி வேலி போட்டோம். வேலிக்குப் பின்னால் சாக்குகளை அடுக்கினோம். சாக்கு ஏன் ஐந்து என்று எனக்கு அடுக்கும்போதுதான் விளங்கியது. வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் புழுக்கத்துக்கு வேலியோரம் பாய் போட்டுத்தான் படுப்பார்கள்.

செம்பு உறை, தண்டுக்குள்ளாலும் வேலிக்குள்ளாலும் சாக்குக்குள்ளாலும் போய்ப் பனையில் ஏறியது. வெறும் ஈயம் நடுச்சாக்கில் நின்றது. குழிமுனை தண்டை விட்டு வெளியே வரவில்லை. நான் சந்தோசத்தில் "இதுதான் ஐயா!" என்று கத்தினேன். அவர் போய்த் தண்டின் ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டார். உள்ளே கூழாக இருந்தது. விரலை வெளியே எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"இதை என்னாலை தைக்க ஏலாது."

"கள்ளனை நீங்கள் ஏன் ஐயா தைக்கவேணும்?"

"இஞ்சை வேறை ஆர் இருக்கினம்?"

தட்டை முனை தண்டைத் துளைத்து, கிடுகைக் கிழித்து, சாக்கின் மேலே பட்டு மணலில் விழுந்தது. அவர் சாக்கைத் தடவிப் பார்த்தார். கிழியவில்லை. தட்டைமுனை என்று முடிவெடுத்தார். நானே காதால் கேட்டேன். அன்று வீட்டுக்கு வரும் வழியில் நான் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பெர்மிட் எடுத்து, ரயிலேறிக் கொழும்புக்குப் போய், இருபத்தைந்து ரவைகள் கொண்ட ஒரு பெட்டியோடு வந்தார். ஆறை உள்ளே போட்டு, மிச்சம் பத்தொன்பதைப் பெட்டியோடு அலுமாரியில் வைத்தார். அம்மா அன்று பாயாசம் வைக்கச் சொன்னார். ஊருக்குள்ளும் நான் கதையைப் பரப்பினேன், அப்போதிக்கரி வீட்டில் துவக்கு நிரம்பியிருக்கிறது என்று. கள்ளர் காதில் விழட்டும் என்றுதான்.

அடுத்து நடந்தது என்னுடைய பிழை. இன்றைக்கும் நினைத்தால் கையை நறுக்கிப் போடலாம் போலிருக்கும்.

ஆயுதபூசை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்குக் காரைக் கழுவிச் சந்தனம் பூசி, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைப்போம். கத்தி, மண்வெட்டி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் சுவாமிக்கு முன்னால் போகும். ஐயா முதல் நாளே ரயிலேறி வெளியூர் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தார். அம்மா கதிரையில் இருந்தபடி, "தம்பி, ஐயான்ரை துவக்கையும் வையடா. அதுவும் ஆயுதம்தானே" என்றார். எடுத்தேன். கடற்காற்றில் ரவைகளின் பித்தளை பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. "ஐயோ, துரு" என்றார் அம்மா. "நல்லெண்ணெயிலை போட்டு வை. விளக்குக்கு அந்த எண்ணெய்தானே நல்லது, இதுக்கும் நல்லதுதான்."

ஒரு கிண்ணம் நிறைய எண்ணெய் ஊற்றி, இருபத்தைந்தையும் அதற்குள் போட்டேன். முதல் நாள் காலையிலிருந்து மறுநாள் பூசை வரைக்கும் ஊறின. பிறகு எடுத்துத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, தாம்பாளத்தில் அடுக்கினேன். பார்க்க நல்ல அழகு. பொன் மாதிரி மினுங்கின.

ஐயா வந்து பார்த்தார். ஒன்றை எடுத்து மோந்தார். ரிவோல்வரில் ஆறைப் போட்டு என்னையும் கூட்டிக்கொண்டு பனங்காணிக்குப் போனார். முதலாவது "டிக்" என்றது. இரண்டாவது வெடித்தது. மூன்றாவது "டிக்". நாலாவது "டிக்". ரவையின் பின்பக்கத்தில் அடிபடும் சின்ன மூடிக்குள் எண்ணெய் ஊறி மருந்தை நனைத்துவிட்டது.

"மிச்சத்திலை எது உசிரோடை, எது செத்தது, ஐயா?"

"சுட்டுப் பாத்தால்தான் தெரியும். சுட்டாப் பிறகு அது இல்லை."

என்னை ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஏசவில்லை. அம்மாவையும் ஒரு சொல் சொல்லவில்லை. கொண்டுவந்த மிச்சத்தைக் கிணற்றடியில் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். "அரைவாசியாவது வெடிக்கும். போட்டு வையுங்கோ" என்று கெஞ்சினேன்.

"வெடிக்காத துவக்கை நம்பி நிக்கிறவன் வெறுங்கையோடை நிக்கிறவனிலும் மோசம். வெறுங்கைக்காரன் தப்ப வழியாவது யோசிப்பான்."

மறு வருடப் பெர்மிட்டோடு கொழும்புக்குப் போனபோது, தட்டைமுனை இனி வராது, இறக்குமதி இல்லை என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். உருண்டையும் குழியும்தான் இருந்தனவாம். ஐயா இரண்டையும் வாங்காமல் காங்கேசன்துறை ஸ்டேசனில் வந்து இறங்கினார். கையில் ஒரு பெட்டி தொதல் இனிப்பு மட்டும். நான் கார்க் கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினேன். "கதவிலை என்ன கோவம்?" என்றார். "கதவிலை இல்லை" என்றேன்.

அந்த வருடக் கடைசியில் லைசென்ஸ் புதுப்பிக்க ரிவோல்வரைக் கச்சேரிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்தது. அங்கே இருந்த கிளாக்கர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "பெர்மிற் எடுத்தனீங்கள், ஒரு ரவையும் வாங்கேல்லையே. அப்ப ஏன் ஐயா துவக்கு?" என்றார். "அதைத்தான் நானும் யோசிக்கிறன்" என்றார் ஐயா, பகிடி இல்லாமல்.

திரும்பி வர மம்மலாகிவிட்டது. வாசல் படலை திறந்து கிடந்தது. நான் காரை நிறுத்தியதும் வீட்டு முகப்பில் ஒருவன் தெரிந்தான். முகத்தில் சால்வை கட்டியிருந்தான். ஒரு கையில் கத்தி. மற்றக் கையால் கதிரையில் இருந்த அம்மாவின் மணிக்கட்டைத் திருகிக் காப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அம்மா கத்தவில்லை. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சீற்றுக்கு அடியில் கிடந்த ஸ்டார்ட் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஐயா எனக்கு முதல் இறங்கிவிட்டார். ரிவோல்வரை நீட்டியபடி முற்றத்தில் நடந்தார்.

"கத்தியைக் கீழை போடு."

அவன் திரும்பினான். ஐயாவுக்குக் கண் தெரியாத நேரம். துவக்கு அவனுக்கு நேரே இல்லை, இரண்டு முழம் தள்ளித் தூணுக்கு நேரே நின்றது. உள்ளே ஒன்றும் இல்லை என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாது. கத்தி விழுந்தது.

"காப்பை அவவின்ரை மடியிலை வை."

வைத்தான்.

"இனிப் போ."

அவன் பாய்ந்து படலையை நோக்கி ஓடினான். என்னைத் தாண்டித்தான் ஓட வேண்டும். தாண்டிப் போனபிறகு கம்பியை வீசினேன். காய்ந்த மட்டை முறிந்த மாதிரிச் சத்தம் கேட்டது. அவன் விழுந்தான்.

ஏன் அடித்தேன் என்று பலர் கேட்டார்கள். மூன்று வருடம் காத்திருந்த கை அது. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

"ஆரடா அடிச்சது?" என்று கேட்டார் ஐயா. "நான்தான்" என்றேன். "விளக்கைக் கொண்டா. வேலியிலை ரெண்டு மட்டை இழு. நேரான மட்டையாப் பார்" என்றார். அதற்குள் மண்ணில் இருந்துவிட்டார். கள்ளனின் காலைத் தடவினார், இழுத்தார், மட்டை வைத்துக் கட்டினார். அவனுக்கு இருபது வயதுகூட இராது. "ஐயா நோகுது, ஐயா நோகுது" என்று அழுதான். "நோகும். கத்து" என்றார்.

"இஞ்சாருங்கோ" என்றார் அம்மா முகப்பிலிருந்து. "அவன் கத்தி முடிய என்ரை கையையும் ஒருக்காப் பாருங்கோ."

பொலிஸ் அவனையும் கொண்டுபோனது. பிறகு என்னையும் கொண்டுபோனது. ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறவனுக்குப் பின்னால் அடித்து எலும்பை முறித்தால் அது தற்காப்பு இல்லையாம். எனக்காக வழக்குப் பேச வந்த புறக்டர் ஐயாவிடம் முன்கூட்டியே சொன்னார்: "பொய் சொல்லத் தேவையில்லை. மம்மல் பொழுது, கண் தெரியாது, அடிச்சதைக் காணேல்லை எண்டு சொன்னால் போதும்." அது உண்மையும்தான். ஐயா தலையாட்டினார்.

நீதவான் கேட்டார், அடி முன்னாலா பின்னாலா என்று.

மீன் வாங்க ஒரு மணித்தியாலம் எடுப்பவர், ரவைக்கு மூன்று வருடம் யோசித்தவர், அன்றைக்கு மூச்சு விடும் நேரம்கூட எடுக்கவில்லை. "கண்ணாலை நான் காணேல்லை. ஆனா எலும்பைக் கையாலை பாத்தனான். பின்பக்கத்து அடி. ஓடேக்கை பட்டது" என்றார்.

கள்ளனுக்கு இரண்டு வருடம். எனக்கு இரண்டு மாதம்.

மறியலில், சிறைக்குள், இருந்த மூன்றாவது கிழமை அவர் பார்க்க வந்தார். முதலில் உள்ளே கிடந்த கள்ளனைத்தான் பார்த்தாராம், காவலாளி சொன்னான். பிறகு கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். முகத்தில் சந்தோசம்.

"எலும்பு நேராப் பொருந்துது, தம்பி. நொண்டாமல் நடப்பான்."

எனக்குத் தலைக்கேறியது. "ஐயா, காணேல்லை எண்டு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம். பிறகு?"

"பிறகு நான் வெளியிலை நிண்டிருப்பன்! அம்மாவுக்குக் காவலா நிண்டிருப்பன்!"

மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. அந்தக் கேள்விக்கு யாரும் அவருக்கு அதுவரை சரியான பதில் சொன்னதில்லைப் போலும். கிழவராகத் தெரிந்தார்.

"அம்மாவோடை இப்ப ஆர்?" என்று நான்தான் கேட்டேன்.

"வாத்தியாற்றை மூத்தவள் வந்து நிக்கிறாள். அம்மா உன்னைக் கேட்டவ. ஊறுகாய் தந்துவிட்டவ, உள்ளை விடமாட்டாங்களாம்."

"நான் வருமட்டும் துவக்கிலை ஏதாவது போட்டு வையுங்கோ, ஐயா. உருண்டையோ குழியோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

அவர் கம்பிக்குக் கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அதுதான் உன்னட்டைக் கேக்க வந்தனான். உன்ரை அந்த ஸ்டார்ட் கம்பி, வந்தவனை விழுத்தினது. வேலிக்கு அங்காலை போகேல்லை. முறிஞ்சது பொருந்துது. மூண்டு வருசமா நான் தேடினது இதுதானே. பொலிசிலை தடயமா வைச்சிருக்கிறாங்கள், தரமாட்டாங்கள். ஒண்டு அடிப்பிக்கப் போறன். எத்தினை றாத்தல் இருக்கும்?"

காவலாளி நேரம் முடிந்தது என்றான். நான் திரும்பி நடந்தேன். பத்தடி போனபிறகு, அந்த வீட்டில் பொல்லோடு இருக்கும் மனுசியை நினைத்து, "நாலு றாத்தல்" என்று பின்னால் பாராமலே சொன்னேன்.

"இரும்போ, உருக்கோ?" என்று கேட்டார்.